வாத்தியாரைத் தொடாத வைத்தியம்

என் வீட்டுக்காரர் மரியாதையால் செத்தார். ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். உடம்புக்குள் அது எங்கே இருக்கிறது, எலும்பில் எதுவரை ஏறியிருக்கிறது என்றெல்லாம் படம் பிடித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதை அங்கே நிம்மதியாக வளரவிட்டது மரியாதை. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் "விடும்மா, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்கிறார்கள். எனக்கு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் தாம்பரத்தில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டியிருந்தோம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இவரோடு கடைத்தெருவுக்குப் போனால் போன வேலை நடக்காது. பத்தடிக்கு ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி "வணக்கம் சார்" என்பான். ரேஷன் கடையில் எடை போடுகிறவன் பழைய மாணவன். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவன் பழைய மாணவன், இவரை வரிசையில் நிற்க விடமாட்டான். இதெல்லாம் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கல்யாணமான நாள் முதல் எனக்கு அந்த முகம் தெரியும்.

ஓய்வு பெற்ற கையோடு தொல்லை ஆரம்பித்தது. அது எனக்கு முதலில் குழாய்ச் சத்தமாகத்தான் தெரிந்தது. பாத்ரூமுக்குள் போனதும் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் கிணறு தரை தட்டி, மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு கத்துகிற ஊர் இது. "உள்ள என்ன யானையைக் குளிப்பாட்டுறீங்களா? டேங்க் காலியாகுது" என்று வெளியில் நின்று கத்துவேன். குழாய் நிற்காது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தான் இவருக்கு வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

வந்தாலும் நூல் மாதிரிதான். நின்று நின்று வரும். முடிந்தது என்று வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால் உடனே மறுபடி எழுந்திருக்க வேண்டும். ராத்திரி எத்தனை முறை விளக்குப் போடுகிறார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? வெள்ளை வேட்டி கட்டினவர் வீட்டில் கறுப்புக் கட்டம் போட்ட கைலிக்கு மாறினார். கேட்டதற்கு "வெயிலுக்கு இதுதான் சௌகரியம்" என்றார். கறுப்பு வெயிலை இழுக்கும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன்.

வெளியூர்ப் பயணம் நின்றது. பிறகு மயிலாப்பூர், மாம்பலம் கல்யாணங்களும் நின்றன. மின்சார ரயிலில் கக்கூஸ் கிடையாது. தாம்பரத்தில் ஏறினால் இறங்குகிற வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். "கூட்டம் ஒத்துக்கலை, நீ மட்டும் போயிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். காலையில் ஏரிக்கரையில் நடப்பதை மட்டும் விடவில்லை. ஒரு நாள் பால் ஊற்ற வந்த அம்மா பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினாள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. சாரு ஏரிக்கரையில கருவேல மரத்தாண்ட ரொம்ப நேரம் நின்னுகினு கீறாரு. தெனம் பாக்கறேன். ஒடம்புக்கு இன்னா?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஏரிக்கரைக்கே தெரிந்த விஷயத்தை இவர் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டால் ஒரே பதில்தான்: சூடு. நம்மவர்களுக்குக் கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, தலைமயிர் கொட்டினால் சூடு. மூத்திரம் போகவில்லை என்றால் கேட்க வேண்டுமா? அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பார்லிக் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம், நன்னாரி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினால் நீர்க்கடுப்பு போகும் என்றார்கள். இரண்டு நகங்களிலும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, பள்ளிக்கூடத்து மேஜையில் உட்கார்ந்த அதே விறைப்போடு உட்கார்ந்திருப்பார். கல்லாக இருக்கலாம் என்றார் எதிர்வீட்டுக்காரர். அதற்கு வாழைத்தண்டுச் சாறு. தண்டை நறுக்கி நார் சுற்றி எடுத்து என் விரல் நகமெல்லாம் கறுத்துப்போனதுதான் மிச்சம். குடிக்கக் குடிக்க அவர் அவஸ்தை கூடியது. போகிற வழி அடைத்திருக்கும்போது மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் வேறு என்ன ஆகும்? ஆனால் வழி அடைத்திருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கடைசியில் ஒரு நாள் உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிரும் காய்ச்சலும் வந்தது. போகும்போது நெருப்பாய் எரிகிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். அப்போதுதான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டார். எந்த டாக்டர் என்று யோசிக்கவே இல்லை. சேலையூரில் க்ளினிக் வைத்திருந்த அவருடைய மாணவன்தான்.

டாக்டரை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கோவிலம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, என் கையால் தோசை தின்றுவிட்டுப் போனவன். நிலபுலன் உள்ள குடும்பம், ஆனால் வீட்டில் படித்தவர் யாருமில்லை. கணக்கு அவனுக்கு எட்டிக்காய். இவர் உட்காரவைத்து, அடித்து, திட்டி, மெடிக்கல் காலேஜ் வரைக்கும் ஏற்றிவிட்டார். அந்த நன்றியை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு என் வீட்டுக்காரர் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். முன்னால் உட்கார்ந்திருந்த நோயாளி பாதியில் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. இவர் உட்கார்ந்த பிறகும் அவன் நின்றுகொண்டுதான் பேசினான். சட்டையின் மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். நாடி பார்த்தான், பிரஷர் பார்த்தான். மூலையில் பச்சைத் திரை போட்ட ஒரு கட்டில் இருந்தது. நான் வெளியில் காத்திருந்த நேரத்தில் உள்ளே போன ஒவ்வொருவரிடமும் "படுங்க, சட்டையைத் தூக்குங்க, வயித்த லூஸா விடுங்க" என்று அவன் சொன்னது கேட்டது. இவரைப் படுக்கச் சொல்லவே இல்லை.

சிறுநீரைச் சோதித்ததில் சீழ் இருந்தது. "இன்ஃபெக்ஷன்தான் சார். பயப்பட ஒண்ணுமில்ல" என்று மாத்திரை கொடுத்தான். ஒரு மாத்திரையில் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. எரிச்சல் நின்றது, காய்ச்சல் விட்டது. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, என் பையன் கைராசிய" என்றார்.

சில மாதம் கழித்து மறுபடி அதே குளிர், அதே எரிச்சல். மறுபடி மாத்திரை. சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் பார்த்தான், இல்லை. பிறகும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நின்றான், சட்டை மேல் வைத்துப் பார்த்தான், மாத்திரை கொடுத்தான், ஃபீஸ் வாங்க மறுத்தான். வாசல் வரை வந்து செருப்பைத் திருப்பி வைத்தான். காசு வாங்காத டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது? இருந்தாலும் நான் கேட்டேன்.

"ஏம்ப்பா இது திரும்பத் திரும்ப வருது?"

"வயசானா கொஞ்சம் அப்படித்தாம்மா. ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு, மூத்திரப் பைக்குக் கீழ. வயசானா வீங்கும். வழியை அமுக்கும். பூரா வெளிய வராம உள்ளயே கொஞ்சம் தங்கிடும். தங்கினா கிருமி சேரும். எல்லாருக்கும் வரதுதான்."

"இவருக்கு அதுதான் வீங்கியிருக்கா?"

"அப்படித்தான் இருக்கும்மா."

"இருக்கும்னா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவன் பேனா மூடியைத் திறந்து மூடினான். "டெஸ்ட் இருக்கும்மா. தேவைப்பட்டாப் பாத்துக்கலாம்" என்றான். இவர் என்னை முறைத்த முறைப்பில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டு. "படிச்ச டாக்டர்கிட்டப் போய்க் குறுக்கு விசாரணை பண்றியே, அவன் என்ன நினைப்பான்?"

அந்த டெஸ்ட் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ பெரிய மிஷின் வேண்டும் போலிருக்கிறது, பட்டணத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, அதற்கு மிஷினும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு கையுறை, ஒரு விரல். ஆசனவாய் வழியாக விரலை விட்டால் அந்தச் சுரப்பி தட்டுப்படும். பாலைக் காய்ச்ச ஆகிற நேரம்கூட ஆகாது.

இதற்கிடையில் அவருக்கு அடிமுதுகில் வலி ஆரம்பித்தது. குனிந்தால் வலி, படுத்தால் வலி. வாயு என்றார். தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மணந்தது. தைலத்துக்கு அடங்குகிற வலியாக எனக்குப் படவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் தனியாக சேலையூர் போனேன். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்ச் சத்தத்தைச் சொன்னேன். நூல் மாதிரி வருவதைச் சொன்னேன், கைலியில் படுகிற சொட்டைச் சொன்னேன், ஏரிக்கரையைச் சொன்னேன், முதுகுவலியையும் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை தன் மகன் வயதுக்காரனிடம் சொல்லக்கூடிய விஷயமா இது? சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அதுக்குப் பின்பக்கமா விரலை விட்டுப் பாக்கணும்மா" என்றான் மெதுவாக.

"பாரு."

"நான் எப்படிம்மா சாரை..."

"வேற யாருக்கும் பாக்க மாட்டியா?"

"பாப்பேன். டெய்லி பாக்கறேன். சாரை எப்படிம்மா துணியை அவுக்கச் சொல்றது? அவர் கையால அடி வாங்கினவன் நான்."

"அப்ப வேற டாக்டர்கிட்ட அனுப்பு."

"அனுப்பறேம்மா. நானே சார்கிட்டப் பேசறேன்" என்றான்.

பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசினான். பட்டணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருப்பதாகச் சொன்னான். சும்மா ஒரு செக்கப் என்றான். எதற்கு என்று இவர் கேட்டதும், "அம்மா வந்து ரொம்பக் கவலைப்பட்டாங்க சார்" என்று என்னைக் காட்டிக் கொடுத்தான்.

நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். இவர் குரல் கேட்டது. "ஏம்ப்பா, நீ பாத்தாப் போதாதா? உன்னைவிட எவன் என்னை அக்கறையாப் பாப்பான்?" காபியைக் கொண்டு போய் வைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. ஸ்பெஷலிஸ்ட் பேச்சு அதோடு போயிற்று.

அவன் போன பிறகு இவர் கேட்டார், "என் மானத்தக் கொண்டு போயி அவன் மேஜை மேல வெச்சுட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?" அதற்கப்புறம் என்னோடு பேச்சை நிறுத்தினார். சோறு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சுவருக்குப் பரிமாறுவேன். மாசக்கணக்கில் அப்படி ஓட்டினோம். அந்த மாசங்களில் உள்ளே இருந்தது என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

முதுகுவலிக்கு அவன் ஊசி போட்டான். எல்லாருக்கும் இடுப்பில் போடுகிற ஊசியை இவருக்குக் கையில் போட்டான்.

அடுத்த வருஷம் பழைய மாணவர்கள் சேர்ந்து இவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். இவர் அன்றைக்குக் காலையில் காபிகூடக் குடிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மேடையில் நடு நாற்காலி, பட்டு வேட்டி. ஏறின உடனே எவனோ குளிர்ச்சியாக சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தான். மரியாதைக்குக் குடித்தார். அதற்கப்புறம் இன்னொருவன் இளநீர் கொடுத்தான். அதையும் குடித்தார்.

ஒவ்வொருவனாக வந்து பேசினான். எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். சார் அடித்த அடிதான் எங்களை மனுஷனாக்கியது என்றார்கள். சால்வைக்கு மேல் சால்வை விழுந்தது. நான் முன் வரிசையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்காலைப் பிடித்திருந்தன. நெற்றியில் வேர்வை. ஏற்பாடு செய்தவன் பக்கத்தில் வந்தபோது அவன் கையைப் பிடித்து, "அவரைக் கொஞ்சம் கீழ எறக்கி விடுங்கப்பா" என்றேன். "இன்னும் ரெண்டே பேருதாம்மா, நடுவுல சாரை எழுப்பினா நல்லா இருக்காது" என்றான்.

கடைசியாகப் பேசியவன் டாக்டர். மாதா, பிதா, குரு, தெய்வம் என்பார்கள், எனக்கு நாலும் சார்தான் என்றான். கண்ணீர் விட்டான். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். நானும் உணர்ச்சிவசப்பட்டு எழுந்துவிட்டேன் என்று நினைத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான். இன்னும் கொஞ்சம் பேசினான்.

மாலையைப் போட்டு, போட்டோ பிடித்து, கீழே விட்டார்கள். மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்ரூம். உள்ளே போனவர் வரவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும் வந்தது. கதவைத் தட்டினேன். திறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது.

"வரல" என்றார். "ஒரு சொட்டுகூட வரல."

அத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அடிவயிறு பானை மாதிரி புடைத்திருந்தது. கை வைத்தால் துடித்தார்.

டாக்டர் தன் காரிலேயே பட்டணத்துக்குக் கொண்டு போனான். டாக்டருக்குப் படிக்கிற மாணவர்கள் பயிற்சிக்கு வருகிற பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அந்த நேரத்தில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். அவளுக்கு இவர் சார் இல்லை, மூத்திரம் அடைத்துக்கொண்ட ஒரு கிழவர். சால்வையை உருவி என் கையில் கொடுத்தாள். பட்டு வேட்டியை விலக்கினாள். மூத்திர வழியில் குழாயை விட்டு, அதன் முனையில் ஒரு பையை மாட்டினாள். பை நிரம்ப நிரம்ப இவர் முகம் தளர்ந்தது. ஒரு குழந்தை அழுது ஓய்ந்த மாதிரி மூச்சு விட்டார்.

"பெரியவரே, அப்படியே ஒருக்களிச்சுப் படுங்க. காலை மடக்குங்க. கொஞ்சம் சங்கடமா இருக்கும், மூச்சை இழுத்து விடுங்க" என்றாள். அவள் கையுறை மாட்டும்போதே டாக்டர் வெளியே போய்விட்டான். திரைக்கு அந்தப் பக்கம் நின்றால் போதாதா? கதவுக்கே அந்தப் பக்கம் போய்விட்டான். அவர் ஒரு முறை முனகினார். அவ்வளவுதான். முடிந்தது. இத்தனை வருஷம் நடக்காத காரியம்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். தன் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையை அமுக்கிக் காட்டினாள். "இந்த மாதிரி மெத்துனு இருந்தா சாதாரண வீக்கம்மா. வயசானவங்களுக்கு வரது. மருந்தோ ஆபரேஷனோ பண்ணிச் சரி பண்ணிடலாம்." பிறகு கையை மூடி, விரல் முட்டியைத் தொட்டுக் காட்டினாள். "இவருக்கு இப்படி இருக்கு. கெட்டியா, கரடுமுரடா. பெரிய டாக்டர் பாத்துட்டு, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாரு. முதுகு வலி இருக்கா?"

"இருக்கு."

"இதுக்கு முன்னாடி யாரும் கை வெச்சுப் பாக்கலியா?"

நான் கதவைப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"எவ்ளோ நாளா தொந்தரவு?"

"ரிட்டையரானதுலேருந்து."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைக் குற்றம் சாட்டுகிறாள் என்றுதான் பட்டது.

சதை எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எலும்பைப் படம் பிடித்தார்கள். புற்றுநோய் என்றும், முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றும் பெரிய டாக்டர் சொன்னார். நாங்கள் தைலம் தேய்த்தது அதன் மேல்தான். முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை. "உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா எலும்புக்குப் போறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு" என்றார். அந்த வாய்ப்பை யார் தின்றது என்றுதான் நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆண் சுரப்புதான் அந்த நோய்க்குத் தீனி, அதனால் விதைகளை எடுக்க வேண்டும் என்றார்கள். இவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒரு விரலுக்கு வெட்கப்பட்டவருக்கு இப்போது வெட்கப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. வார்டில் காலையில் பெரிய டாக்டரின் பின்னால் மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். அவர் அனுமதி கேட்பார், இவர் ஒருக்களித்துப் படுப்பார். வரிசையாக ஒவ்வொரு பிள்ளையும் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்துக் கற்றுக்கொள்ளும். "நல்லாப் பாத்துக்கோங்கப்பா" என்பார் இவர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. கடைசி வரைக்கும் வாத்தியாராகத்தான் இருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் வலி தணிந்திருந்தது. சாப்பிட்டார், பேப்பர் படித்தார், என்னோடு பேசினார். தேறிவிடுவார் என்றுகூட நினைத்தேன். பிறகு வலி திரும்பி வந்தது. கால்கள் விழுந்தன. வீட்டுக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் தினமும் வந்தான். வலிக்கு ஊசி போடுவான், கால்மாட்டில் உட்கார்ந்திருப்பான். மூத்திரக் குழாயை மாற்ற வேண்டிய நாளில் மட்டும் கூடவே வேறொருவரை அழைத்து வருவான். அவர் மாற்றி முடிக்கிற வரை வாசலில் நிற்பான். அப்போதும்கூட.

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போதும் என்று கையைத் தடுத்தார்.

"நான் போனப்புறம் அவனை ஒண்ணும் சொல்லிடாத" என்றார்.

எவனை என்று நான் கேட்கவில்லை.

"மரியாதை தெரிஞ்ச பையன். நீ ஏதாவது சொன்னா ஒடஞ்சு போயிடுவான்."

"நான் ஒடஞ்சு போக மாட்டேனா?"

"நீ தாங்கிப்ப" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினதற்குக் கிடைத்த சால்வை அது. நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

தாம்பரமே திரண்டு வந்தது. தெருமுனை வரை சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நின்றன. டாக்டரும் பாடைக்குத் தோள் கொடுத்தான். காரியமெல்லாம் முடிந்து, பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் காலையில் தனியாக வந்தான். எதிரே உட்காரவில்லை. என் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தூக்கமே வரலம்மா" என்றான். "அன்னிக்கு நீங்க தனியா வந்து சொன்னீங்களே, அப்பவே பாத்திருக்கணும். இல்ல இழுத்துட்டாவது போயிருக்கணும். சார் மேல கை வைக்க எனக்கு மனசு வரலம்மா. நான் பண்ணது தப்பாம்மா?"

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழட்டும் என்று விட்டேன். அழுது முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்திக் காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விதி என்றாவது சொல்ல வேண்டும். உன் மேல் தப்பில்லை, சாருக்கு உன் மேல் வருத்தமே இல்லை, போப்பா என்று தலையில் கை வைத்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கிவிடுவான்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, கும்பிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். அவர் கேட்டுக்கொண்டபடி நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்க வந்ததையும் சொல்லவில்லை.